பிரதி இருக்கிறதா?

போன வெள்ளிக்கிழமை காலை எதிர் வீட்டு மாமி வந்தாள். வழக்கமாகக் காப்பிப் பொடிக்கோ கறிவேப்பிலைக்கோ வருகிறவள், அன்று கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு நின்றாள். திறந்தால், அரிசிக்குள் புதைந்து கிடந்தது அவளுடைய செல்போன்!

"துணி ஊறப் போட்ட வாளியில் விழுந்துவிட்டதடி. அரிசியில் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டு நாளாச்சு, மூச்சுப் பேச்சில்லை" என்றாள்.

(அரிசி வைத்தியம் வெறும் பிரமை, சகோதரிகளே! மாவுதான் உள்ளே போய் அடைத்துக் கொள்ளும்.)

போன் போனால் போகிறது. காசைக் கொட்டினால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் அதற்குள் மாமியின் தாயார் அல்லவா இருந்தாள்! சென்ற வருஷம் காலமான அந்தப் பாட்டியின் கடைசி மூன்று வருஷத்துப் படங்கள். பொக்கை வாயால் கொள்ளுப் பேரனுக்குத் தாலாட்டுப் பாடிய வீடியோ.

"எல்லாம் தானாகவே கூகிளுக்குப் போய்விடும்படி பையன் பண்ணிக் கொடுத்திருக்கிறானே!" என்றாள் மாமி. திறந்து பார்த்தோம். போகத்தான் போயிருந்தது, மூன்று வருஷத்துக்கு முன்பு வரையில்! 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களையும் கூகிள் 15 ஜி.பி. இலவசக் கணக்கில் சேர்த்துக்கொண்டு விட்டது. கணக்கு நிரம்பியதும் படம் ஏறுவது நின்று போயிற்று. 'இடம் இல்லை' என்று வந்த எச்சரிக்கைகளை விளம்பரம் என்று நினைத்து மாமி ஒதுக்கித் தள்ளியிருக்கிறாள். நான் மட்டும் என்ன வாழ்ந்தது?

மாமியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனிக்கே இந்தக் கதி நேர்ந்தது. 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' கார்ட்டூன் படம் தயாராகிக் கொண்டிருந்தபோது, யாரோ தவறான கட்டளையைத் தட்ட, படத்தின் பெரும் பகுதி மளமளவென்று அழிந்தது. 'பிரதிதான் இருக்கிறதே' என்று எடுத்துப் பார்த்தால், அது பல நாட்களாகச் சரிவரப் பதிவாகவே இல்லை! காப்பாற்றியது யார் தெரியுமா? கேலின் சஸ்மன் என்ற பெண்மணி. கைக்குழந்தைக்காரியானதால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு பிரதி வைத்திருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1999-ல் படம் வெளியாயிற்று.

விவரம் தெரிந்தவர்கள் 3, 2, 1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். படம் 3 இடத்தில், 2 விதமான சாதனத்தில், 1 பிரதியாவது வீட்டுக்கு வெளியே. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்ததே, அன்று கல்யாண ஆல்பமும் கம்ப்யூட்டரும் ஒரே தண்ணீரில் அல்லவா ஊறின! ஒரு ஹார்ட் டிஸ்கில் பதிந்து, பெண்ணின் புக்ககத்திலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ஊறுகாய் ஜாடி அனுப்புகிறோம். இதையும் கூட அனுப்பினால் ஆயிற்று.

இன்னொன்று. போனில் இடமில்லையே என்று கூகிள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், அங்கே ஏறியிருக்கும் பிரதியும் சேர்ந்து அழியும். 60 நாள் குப்பைக் கூடையில் கிடக்கும். அதற்குள் மீட்காவிட்டால் போனதுதான். மாதம் ஒரு தடவையாவது பிரதியைத் திறந்து, நேற்று எடுத்த படம் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

மாமிக்கு உறவினர் வாட்ஸப்பிலிருந்து நாற்பது படங்கள் திரும்பி வந்துவிட்டன, கொஞ்சம் மங்கல்தான். தாலாட்டு மட்டும் அகப்படவில்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்து தானும் படம் பிடித்த பெங்களூர் ஓரகத்தி, தன் பழைய போனைத் தேடி எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறாளாம். மாமி காலையிலிருந்து என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.