கொல்லைப்புறத்துத் தேரையும் குடியானவர் கடமையும்

குடியானவர் வீட்டிற்கு முன்வாசல் எவ்வளவு முக்கியமோ, கொல்லைப்புறமும் அவ்வளவு முக்கியமாம். வாழை, முருங்கை, கறிவேப்பிலை, கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, எருக்குழி ஆகிய யாவும் அங்கேதான் இருக்கின்றன. முன்வாசலுக்கு வருகிற விருந்தினரைத் திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்து உபசரிக்கத் தெரிந்த நாம், கொல்லைப்புறத்துக்கு வருகிற சில விருந்தினரை மாத்திரம் துடைப்பக் கட்டையால் அடித்துத் துரத்துகிறோம். அவ்வாறு அடிபடுகிறவற்றுள் முதலாவது தேரை. அதைப் பற்றியும் அதன் அண்டை அயலாரைப் பற்றியும் நிலமுடைய அன்பர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சில ஊர்களில் சுவரில் ஒட்டித் தாவும் மெலிந்த மரத்தவளையைத் தேரை என்று வழங்குவர். யான் இங்கே குறிப்பது அதுவன்று. சொறி பிடித்தாற்போன்ற தடித்த தோலும், மை தீட்டினாற்போன்று தலைமேல் கறுத்த விளிம்புகளும், கண்ணுக்குப் பின்னே இரண்டு புடைத்த சுரப்பிகளும் உடையதாய், தரையிலே தத்தித் தத்தி நடப்பதையே குறிப்பிடுகிறேன். சொறித்தவளை என்றும் இதனைச் சொல்வதுண்டு. பகலில் கல்லிடுக்கிலோ, தண்ணீர்த் தொட்டியின் நிழலிலோ, வாழைச் சருகின் அடியிலோ பதுங்கியிருந்து, விளக்கு வைக்கும் வேளையில் வெளிப்படுவது இதன் வழக்கம்.

திருவண்ணாமலைச் சீமையில் இருப்போருக்குக் கோடையின் முதல் நல்ல மழை எத்தகையது என்று சொல்ல வேண்டுவதில்லை. பகலெல்லாம் மலையின் கரும்பாறை உள்வாங்கிய வெப்பம் இரவிலும் ஊரைச் சுடும். அந்நிலையில் ஒரு மாலை இடியும் மின்னலுமாய்ப் பெய்து ஓயுமானால், மண் வாசனை அடங்குமுன்னரே பள்ளங்களிலிருந்து தேரைகளின் நீண்ட குரல் எழும்பும். ஆண்கள் அவ்வாறு அழைக்க, பெண்கள் வந்து நீரில் இரட்டை மணிமாலை போன்ற முட்டைச் சரங்களை இடும். ஒரு சரத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும். அவற்றினின்று வரும் கரிய வால்மீன் போன்ற குஞ்சுகள் பாசியைச் சுரண்டித் தின்று வளர்ந்து, சில வாரங்களில் கால் முளைத்து வால் உதிர்ந்து, மிளகு அளவே உள்ள தேரைக்குட்டிகளாய்க் கரையேறும். ஆயிரத்தில் ஒன்றிரண்டே பெரிதாகும். ஏனையவை பறவைக்கும் பாம்புக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகும்.

இந்த ஜந்துவால் விவசாயிக்குப் பிரயோஜனம் யாது? நமது ஜில்லாவில் மானாவாரி நிலக்கடலை பயிரிடுவோர் சிவப்புக் கம்பளிப் புழுவின் கொடுமையை நன்கு அறிவர். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாய்க் கிடந்த பூச்சி, கோடை மழை விழுந்ததும் அந்தாய் வெளிப்பட்டு, இலைகளில் குவியலாக முட்டையிடும். பின்னர்ப் புழுக்கள் படையெடுத்துச் செல்லும் வயலில் இலையின் நரம்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. கடலையின் வேரைக் கடிக்கும் வெண்புழுவின் தாய் வண்டுகளும் அம்மழையோடுதான் மண்ணைவிட்டு எழும். தேரைகள் பசியோடு வெளிப்படும் இரவுகளும் அவையே. விளக்குக் கம்பத்தின் அடியில் அமர்ந்து, கீழே விழும் அந்தையும் வண்டையும் ஒவ்வொன்றாய் நாக்கை நீட்டி இழுத்துக்கொள்ளும் தேரையை எவரும் பார்க்கலாம். அதன் நாக்கு வாயின் முன்புறத்தில் ஒட்டப்பட்டிருப்பதால், கவண் போல் வெளியே வீசப்பட்டுக் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பிவிடுகிறது. எறும்பு, கறையான், பாச்சை, பிள்ளைப்பூச்சி ஆகியவையும் அதற்கு உணவு.

உண்மையை மறைப்பது முறையன்று. நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று தேரை பேதம் பாராட்டுவதில்லை. அசைவதும் வாய்க்குள் அடங்குவதும் எதுவோ அதனை உண்ணும். தேரையை மாத்திரம் நம்பிக் கடலையைக் காப்பாற்றிவிடலாம் என்று யான் சொல்லமாட்டேன். கோடை உழவும், விளக்குப் பொறியும், முட்டைக் குவியலைப் பொறுக்கி அழித்தலும் வேண்டியவையே. ஆயினும் கூலி கேளாமல், விடுமுறை கேளாமல், இரவு முழுவதும் காவல் காக்கும் ஓர் ஆளை நாமே அடித்துக் கொல்வது விவேகமாகாது.

இது புதிய கருத்துமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் விவசாய இலாகா 1904-ஆம் ஆண்டிலேயே தேரையின் உபயோகத்தைப் பற்றிக் குடியானவர்களுக்கென்று ஒரு தனிப் பிரசுரம் வெளியிட்டது. அதனை எழுதிய கர்க்லண்ட் என்பவர் தேரைகளின் இரைப்பையை ஆராய்ந்து, ஒரு பருவத்தில் ஒரு தேரை ஒழிக்கும் புழுக்களுக்குப் பணமதிப்புக்கூடப் போட்டுக் காட்டினார். அதற்கு மறுபுறமாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் கரும்பு வண்டை ஒழிப்பதற்காக 1935-இல் ஹவாயிலிருந்து பெரிய தேரைகளைக் கொணர்ந்து விட்டனர். வண்டு ஒழியவில்லை, அந்நியத் தேரையோ பெருகிப் பரவி, அதனைத் தின்ற அந்நாட்டுப் பிராணிகளை நஞ்சினால் மாய்த்து வருகிறது. நமது தேரையே கப்பல் சரக்கோடு சென்று மடகாஸ்கர் தீவில் இறங்கிவிட, அது 2014-இல் கண்டறியப்பட்டு அங்கே பெருங்கவலைக்கு இடமாயிற்று. ஆகையால் எந்த மண்ணுக்கு எது உரியதோ அதனை அங்கே வாழவிடுவதே தருமம். தேரையை விலைக்கு வாங்கி வளர்க்கவேண்டுமென்பது என் கருத்தன்று. உள்ளதைக் கொல்லாதிருந்தால் போதும்.

கொல்லுவதற்குக் காரணமாய் இருப்பவை பெரும்பாலும் பழைய நம்பிக்கைகளே. தேங்காயில் பருப்பு இல்லாவிட்டால் ‘தேரை விழுந்த காய்’ என்கிறோம். மட்டையும் ஓடும் மூடிய காய்க்குள்ளே எந்தத் தேரையும் புக முடியாது. மகரந்தச் சேர்க்கைக் குறைவும், சாம்பல் சத்து, போரான் முதலியவற்றின் பற்றாக்குறையும், வறட்சியுமே காய் ஒல்லியாவதற்குக் காரணங்கள். மட்டையில் பழுப்பு வடுவும் வெடிப்பும் கண்டு காய் சிறுத்துப்போவது, 1998-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட ஈரியோபைட் என்னும் நுண்ணிய சிலந்தியின் வேலை. மரத்துக்கு உரமிட வேண்டிய இடத்தில் தேரையின்மேல் பழி போடுகிறோம். அவ்வாறே குழந்தை நாளுக்கு நாள் மெலிந்தால் ‘தேரை விழுந்தது’ என்று மந்திரிக்கச் செல்வோர் இன்னும் உளர். அக்குழந்தைக்கு வேண்டியது நல்ல ஆகாரமும் மருத்துவர் சிகிச்சையும். தாமதித்தால் உயிருக்கே மோசம் வரும். தேரையைத் தொட்டால் மரு உண்டாகும் என்பதும் பொய். மனிதர் தோலில் மரு தோன்றுவது ஒருவகை நச்சுக் கிருமியால்.

ஆனால் தேரையின் சுரப்பிகளில் கசியும் பால் நஞ்சு என்பது மெய். கௌவிய நாய்க்கு வாயில் நுரை தள்ளும். ஆகையால் தேரையைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் கண்ணைத் தொடலாகாது. மருந்தென்று எவர் சொன்னாலும் அதை உட்கொள்ளலாகாது. குழந்தைகளுக்கு இதனைச் சொல்லி, தொடாமல் பார்த்து மகிழப் பழக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லும் யானும் ஒருகாலத்தில் குற்றவாளியே. சில ஆண்டுகளுக்கு முன் கொல்லை வாழையில் கிழங்கு வண்டு கண்டபோது, அளவும் முறையும் பாராமல் குருணை மருந்தை அடிமரத்தில் கைநிறையத் தூவித் தண்ணீர் பாய்ச்சினேன். மூன்றாம் நாள் காலையில் வாய்க்காலோரத்தில் ஐந்து தேரைகள் மல்லாந்து கிடந்தன. தேரை வாயால் நீர் குடிப்பதில்லை. ஈரத்தைத் தோலினாலேயே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நிலத்தில் நாம் இடும் விஷம் அதற்கு நேரே உடம்பில் ஏறுகிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் என் கொல்லையில் குரல் கேட்கவில்லை. வாழை வண்டும் ஒழிந்தபாடில்லை. நோயற்ற கன்றைத் தெரிந்து நட்டு, கிழங்கைச் சீவிச் சுத்தம் செய்த பின்னரே அது தணிந்தது. மௌனமாய்க் கழிந்த அந்த மழையிரவுகள் எனக்கு ஒரு பாடம்.

ஊருக்கு ஏற்பட்டதுபோலவே தேசத்துக்கும் ஒரு பாடம் ஏற்பட்டது. வயற்பெருந்தவளைகளைப் பிடித்து அவற்றின் கால்களை அந்நிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் வியாபாரம் இந்தியாவில் ஒருகாலத்தில் பெரிதாக நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4,000 டன்னுக்கு மேலும் அனுப்பப்பட்டது. வயலில் தவளை குறையப் பூச்சி மிகும் என்னும் கவலை எழுந்து, 1987-இல் அரசாங்கம் அவ்வேற்றுமதியைத் தடுத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. அக்காலத்திலோ அது தன் காலால் கெட்டது.

இனி அன்பர்கள் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகள் உள. ‘தேரையை வைத்தால் பாம்பு வாராதா?’ என்பது முதலாவது. தவளையையும் தேரையையும் தேடிப் பாம்பு வருவதுண்டு. ஆனால் அதனினும் மிகுதியாக அதனை அழைப்பது சிந்திய தானியமும் அதனைத் தேடி வரும் எலியுமே. விறகையும் செங்கல்லையும் வாசற்படிக்கு அருகே குவிக்காமல் கொல்லைக் கோடியில் அடுக்குதல், இரவில் விளக்கில்லாமல் நடவாதிருத்தல், கடிபட்டால் மந்திரத்தை நாடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் ஆகிய மூன்றும் தேரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டியவை. ‘தண்ணீர் தேங்கினால் கொசு பெருகாதா?’ என்பது இரண்டாவது. பெருகும். ஆகையால் கொல்லையில் தேங்கும் நீர் வேண்டாம். அகன்ற மண்சட்டி ஒன்றில் இரண்டங்குல ஆழம் நீர் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டி மாற்றினால் கொசுவுக்கு இடமில்லை. தேரைக்கும் அதுவே போதும்.

இதற்கு மேல் செய்ய வேண்டியவையும் எளியவையே. கொல்லை முழுவதையும் சிமெண்டுத் தளமாக்காமல், நிழலுள்ள ஒரு மூலையில் மண்ணும் சருகும் கிடக்கவிடுக. உடைந்த பானையொன்றைப் பாதி மண்ணில் புதைத்துக் கவிழ்த்து வைத்தால் தேரை குடிபுகும். தரைமட்டமான கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் ஏறிவரச் சரிவான ஒரு பலகையோ கல்லோ அமைக்க. மருந்து தெளிப்பது அவசியமானால் வேளாண்மை அலுவலர் சொல்லும் அளவில் மாத்திரம் தெளித்து, மீதியையும் டப்பாக் கழுவிய நீரையும் வாய்க்காலில் கொட்டாதிருக்க. அப்போது தேரையோடு வேறு பல நண்பர்களும் வருவர். எலியைத் தின்னும் சாரையும் கூகையும், பூச்சியைத் தேடும் மூஞ்சூறும் கரிச்சானும், விஷமற்றதாயிருந்தும் ‘கடித்தால் மரணம்’ என்று வீண்பழி சுமக்கும் அரணையும் அவர்களுட் சிலர்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு தனி விண்ணப்பம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, ஊரிலுள்ள உயிரினங்களை மக்கள் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அதில் பெரிய மரத்தையும் நாட்டு மாட்டையும் எழுதிவிட்டுத் தேரையை விட்டுவிடலாகாது. எந்தப் பள்ளத்தில், எந்த மழைக்குப்பின், எத்தனை நாள் குரல் கேட்டது என்பதை ஊர்ப் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் எளிதிற் சொல்வர். ஆண்டுதோறும் அதைக் குறித்துவந்தால், ஏரிக்கரைப் பள்ளங்களும் ஓடைகளும் ஆக்கிரமிப்பாலும் குப்பையாலும் தூர்ந்துபோவது நமக்கு முன்னதாகவே தெரியவரும். வேங்கிக்கால், சமுத்திரம் போன்ற ஏரிகளையொட்டி வீடுகள் நெருங்கும் இக்காலத்தில் இக்குறிப்பு ஏரிக்கே ஒரு நாடி பார்ப்பதாகும்.

இலாப நஷ்டக் கணக்கோடு முடிக்க எனக்கு மனமில்லை. இரவு போஜனத்துக்குப் பின் கொல்லைத் திண்ணையில் ஒரு விளக்கோடு அரைமணி நேரம் சும்மா அமர்ந்திருந்து பாருங்கள். தேரை வந்து தன் பழைய இடத்தில் அமர்வதும், பூச்சியைக் கண்டு கழுத்தைச் சாய்த்து யோசிப்பதும், விழுங்கும்போது கண்களை உள்ளே இழுத்து மூடுவதும் பேரனுக்கும் பாட்டிக்கும் ஒன்றுபோல் சிரிப்பு மூட்டும். பீகாரில் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் என்னும் ஆங்கில ஆசிரியர், பெரும்போர் ஓய்ந்த மறு ஆண்டாகிய 1946-இல் தேரையைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். காசு செலவில்லாத இத்தகைய இன்பம் எவர்க்கும் உரியது என்பது அவர் கருத்து. நமது ஊருக்கு இது புதிதன்று. ரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசுவுக்கும், ஒரு மானுக்கும், நாய்க்கும், காகத்துக்குங்கூடச் சமாதிகள் இருப்பதை நாம் தினமும் காண்கிறோம்.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஈசன் படியளப்பான் என்று நம் பெரியோர் சொல்வர். கல்லுக்குள் அளப்பது அவன் பொறுப்பாகுக. கொல்லைக்குள் ஒரு முழம் மண்ணையும் ஒரு சட்டி நீரையும் விட்டுவைப்பது நம் பொறுப்பு. வருகிற மழைக்கு முன்னரே அன்பர்கள் இதனைச் செய்து, முதல் மழையிரவில் விளக்கைத் தணித்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார்களாக.