மோட்டார் மேல் பழி போடாதீர்கள்

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி என்று அறிவிப்பு வந்துவிட்டால், தில்லித் தமிழர் வீடுகளில் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் காய்ச்சல் அடிக்கிறது. தெர்மோகோல், கோந்து, வர்ணத்தாள் எல்லாம் வாங்கி வந்து தகப்பனார் ராத்திரி கண்விழித்து எரிமலை செய்கிறார். பையன் தூங்குகிறான். மறுநாள் பரிசு பையனுக்கு! இந்தக் கூத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாள் எண்ணம். சென்ற குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு சம்பவம் அதற்கு வழிசெய்தது.

நண்பர் ஒருவர், தென்காசிப் பக்கத்துக்காரர், தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணாச்சி. ஏழாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகனுக்கு எரிமலையில் நாட்டமில்லை. ஓடுகிற கிரேன் செய்யவேண்டும் என்றான். மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்தாரிடமிருந்து மோட்டாரோடு கூடிய லெகோ பெட்டி ஒன்றை அண்ணாச்சி மூவாயிரம் ரூபாய்க்குப் பழையதாக வாங்கினார். புதிதை நம்மவர்கள் கடைக்கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்களுக்கு 20 சதவீதமாக இருந்த சுங்கவரி 2020-ல் 60 ஆயிற்று, 2023-ல் 70 ஆயிற்று. உள்நாட்டுத் தொழில் வளரட்டும் என்பது நோக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

லெகோ தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-ல் ஒரு தச்சர் தொடங்கிய கம்பெனி அது. ஒன்றின்மேல் ஒன்று அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு 1958-ல் காப்புரிமை கேட்டார்கள். அந்தக் கட்டைகளோடு பல்சக்கரம், அச்சு, மோட்டார் எல்லாம் பிற்பாடு சேர்ந்தன.

திங்கட்கிழமை கண்காட்சி. வெள்ளி இரவு பையன் சுவிட்சைப் போட்டான். பாட்டரிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் ஒரு முனகல் முனகிற்று. கிரேன் அசையவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். அண்ணாச்சி சுவிட்சை அழுத்தியபடியே கிரேனைக் குலுக்கினார். சுவர்க் கடிகாரத்துச் செல்லைப் பிடுங்கிப் போட்டார். சனிக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குத் தூக்கிப்போனார். கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "மோட்டார் போய்விட்டது, புதிதாகப் போட இரண்டாயிரம் ஆகும்" என்றாராம். திரும்பிவந்த அண்ணாச்சி பையனை அடிக்காத குறை. "இனிமே எனக்குக் கண்காட்சியே வேண்டாம் மாமா" என்று என்னிடம் சொன்னபோது அவன் அழவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

நான் ரயில்வேயில் பேனா பிடிப்பவன். ஸ்பானர் பிடிப்பவன் அல்ல. ஆனால் வண்டி தாமதமான காரணங்களைக் காகிதத்தில் பார்த்துப் பழகியவன். இஞ்சின் இழுக்கிறது, வண்டி நகரவில்லை என்றால் உடனே யாரும் இஞ்சினைக் குப்பையில் போடுவதில்லை. வண்டியோரமாக நடந்து பார்ப்பார்கள். ஏதோ ஒரு பெட்டியில் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும், சக்கரம் சுட்டுக்கிடக்கும். 'பிரேக் பைண்டிங்' என்று பெயர். அந்தப் பெட்டியின் பிரேக்கைத் தனியே பிரித்து விடுவித்தால் அதே இஞ்சின் வண்டியை இழுத்துப் போகும். கிரேனையும் அப்படிப் பார்த்தால் என்ன?

முதலில் பாட்டரி. விளக்கு எரிகிறதே, பாட்டரி நன்றாயிருக்கிறது என்றார் அண்ணாச்சி. இது பலரும் செய்யும் தவறு. அந்தச் சிறு விளக்கு எரியத் துளி மின்சாரம் போதும்; மோட்டார் சுமையிழுக்கப் பல மடங்கு வேண்டும். பெட்டிக்குள் ஆறு செல், ஒன்றுக்கு 1.5 வோல்ட் வீதம் 9 வோல்ட். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் செல்லானால் ஒன்றுக்கு 1.2 வீதம் 7.2-தான். நாலு புதிது, இரண்டு பழையது என்று கலந்து போட்டால் பழையது புதிதையும் சேர்த்துக் கெடுக்கும். போதாததற்குத் தில்லிக் குளிர்; குளிரில் செல்லின் வலு குறைகிறது. ஒரே ரகத்தில் ஆறு புதிய செல் வாங்கிப் போட்டோம். முனகல் கொஞ்சம் பலமாயிற்று, அவ்வளவுதான்.

அடுத்து, மோட்டாரைக் கிரேனிலிருந்து கழற்றித் தனியாக ஓட்டச் சொன்னேன். ஜிவ்வென்று சுற்றியது! இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். போய்விட்டது என்று சொல்லப்பட்ட மோட்டாரில் ஒரு குற்றமும் இல்லை. இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிஷம் போதும். கடையில் அதைச் செய்யவில்லை, வீட்டிலும் செய்யவில்லை. மேலும், மாட்டிக்கொண்ட மோட்டாருக்கு விடாமல் சுவிட்ச் கொடுத்தால் அது சூடேறும். நல்ல மோட்டாரைக் கெடுக்கும் வழி அதுதான்.

இனிக் கிரேனின் அச்சைக் கையால் சுற்ற வேண்டும். அசையவே இல்லை. இங்கே நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அதற்குமேல் தெரியாது என்பது உண்மை, தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கக்கூடாது. "ஒவ்வொன்றாகக் கழற்று, ஒவ்வொரு தடவையும் கையால் சுற்றிப் பார்" என்று மட்டும் பையனிடம் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அண்ணாச்சி இரண்டு தடவை "கொடுறா, நான் பாக்கேன்" என்று கையை நீட்டினார். டீ கொடுத்து உட்கார வைத்தேன்.

பையன் கண்டுபிடித்தது இதுதான். இரண்டு அச்சுகளை அவன் இடப்பக்கத்தில் 8 பல் சக்கரத்தாலும் 24 பல் சக்கரத்தாலும் இணைத்திருந்தான். முதல் அச்சு மூன்று சுற்றுச் சுற்றினால் இரண்டாவது ஒரு சுற்று. வேகம் குறையும், வலு கூடும். நல்ல ஏற்பாடு. பிறகு உறுதிக்காக வலப்பக்கத்திலும் 16 பல் சக்கரம் இரண்டை மாட்டிவிட்டான். அந்தப் பக்கம் ஒன்றுக்கு ஒன்று. ஒரே அச்சுக்கு இரண்டு உத்தரவு! இரண்டு மேலதிகாரிகள் ஒரே ஃபைலில் எதிரெதிராகக் குறிப்பெழுதினால் ஃபைல் என்ன ஆகும் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும். வலப்பக்கச் சக்கரங்களைக் கழற்றினான், அச்சு சுற்றியது. ஆனாலும் இறுக்கம் தீரவில்லை. அச்சு நழுவாமலிருக்க மாட்டும் சிறு வளையத்தைச் சட்டத்தோடு ஒட்ட அழுத்தியிருந்தான். ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டதும் விரலால் தட்டினாலே சுற்றியது. கிரேன் எங்கள் வீட்டுப் பூட்டைத் தூக்கிக் காட்டியது.

சரி, இது ஒரு வீட்டு விஷயம். பள்ளிகளுக்கு வருவோம். 2016-ல் நீதி ஆயோக் 'அடல் டிங்கரிங் லேப்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி. நாட்டில் இதுவரை பத்தாயிரம் கூடங்கள் ஏற்பட்டிருக்கின்றன. 2025 பட்ஜெட்டில் ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் ஐம்பதாயிரம் என்று அறிவித்தார்கள். பாராட்ட வேண்டியதே. ஆனால் நான் பார்த்த ஒரு பள்ளியில் சாமான்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. காணாமற்போனால் ஆசிரியர் பதில் சொல்லவேண்டுமே என்ற பயம். வெளியே எடுக்கும் நாளிலும் ஓடாத மாதிரி என்றால் பீரோவுக்கே திரும்புகிறது. ஓடாதது ஏன் ஓடவில்லை என்று கேட்க நேரமில்லை. பரீட்சையில் அதற்கு மார்க்கும் இல்லை.

2016 நவம்பரில் உலக ரோபோ ஒலிம்பியாட்டின் இறுதிச் சுற்று தில்லியை ஒட்டித்தான் நடந்தது. அந்தப் போட்டியின் முக்கியப் பிரிவில் அப்போது ஒரு விதி இருந்தது. பிள்ளைகள் பாகங்களைப் பிரித்தே கொண்டுவர வேண்டியிருந்தது. படமோ குறிப்போ பார்க்காமல் அங்கேயே பூட்ட வேண்டியிருந்தது. பூட்டும்போது பயிற்சியாளருக்கு உள்ளே அனுமதி இருக்கவில்லை. ஓடாவிட்டால் பையனேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பள்ளிக் கண்காட்சிகளில் அந்த விதியில் பாதியாவது வரக்கூடாதா?

படிப்புக்கே நேரமில்லை, இதற்கெங்கே என்று சில பெற்றோர் கேட்பார்கள். எரிமலைக்குக் கண்விழிக்க நேரம் இருக்கிறதே!

அண்ணாச்சி மகனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பரிசு தெர்மோகோலில் செய்த பாராளுமன்றக் கட்டடத்துக்குப் போயிற்று. கட்டடம் அழகாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் அந்தப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம். வருகிற கண்காட்சியில் ஓடாத மாதிரிகளுக்கென்று ஒரு மேஜை போடவேண்டும், அங்கேயே கோளாறைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கும் ஒரு பரிசு தரவேண்டும் என்று அண்ணாச்சி எழுதிக் கொடுக்கப்போகிறார். மனுவை நான்தான் டைப் அடித்தேன். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.