வெண்துணி

கொரோனாவால் இறந்தோரைப் புதைத்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்ற கூற்று 2020 இல் இலங்கையெங்கும் பரவிற்று. பீலித் தண்ணீரையே நம்பி வாழும் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் லயத்து மக்களுக்கு அஃது எத்துணை எளிதில் அச்சமூட்டக்கூடிய சொல்! நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே அறிவித்திருந்தது. ஆயினும் ஏப்ரல் 11 ஆந் திகதி வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நோயைப் பரப்புவோர் முஸ்லிம்களே என்ற வசைமாரி முகநூலில் ஏற்கெனவே பொழிந்துகொண்டிருந்தது. (வதந்திக்கு ஒரு பகைவன் எப்போதும் வேண்டும் போலும்.) முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் தம் உறவுகளைத் தீக்குக் கையளித்தனர். பிறந்து 20 நாட்களேயான சிசுவொன்று தகனமானபின், பொரளை மயான வாயிலில் பல மதத்தவரும் வெண்துணி கட்டித் துக்கம் வெளியிட்டனர். 2021 பெப்ரவரியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அவ்வசைகளைக் கைத்தொலைபேசியில் பகிர்ந்தவர்களோ எவரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரியமானவர்களே, ஊர் ஒதுக்கிய குஷ்டரோகியை இயேசு தொட்டார். அடுத்த கொள்ளைநோய்க் காலத்தில், கொழும்பில் வேலைசெய்து லயத்துக்குத் திரும்பும் பிள்ளையைப் பற்றி ஒரு செய்தி வரும். அதைப் பகிருமுன் தோட்டத்து மருத்துவ உத்தியோகத்தரிடம் கேட்போமா?