கடல் கடந்து உடைக்கலை பயில்வோரும் நமது சங்கங்களும்

தறியைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் பேசுவதற்கென்று உள்ள இவ்விதழில், லண்டன் மாநகரத்துக் கல்லூரிகளைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று பள்ளியிறுதியோடு நின்றுவிடுவதில்லை. ஆடை வடிவமைப்பு எனப்படும் பாஷன் கலையைப் பட்டப் படிப்பாகப் பயில வேண்டுமென்றும், அதையும் இங்கிலாந்து போன்ற நாடுகளுக்குச் சென்று பயில வேண்டுமென்றும் விரும்புவோர் அவர்களிடையே உளர். அந்த விருப்பத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால், நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அங்கே முதல் ஆண்டில் என்ன கற்பிக்கப்படுகிறது, அதற்குப் பிள்ளை எவ்வாறு ஆயத்தமாகிச் செல்ல வேண்டும் என்பதை அறிந்திருத்தல் அவசியம். அதில் நமது சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டென்பது நமது கருத்து.

ஆயத்த வகுப்பின் வரலாறு

இங்கிலாந்தில் கலைப் பட்டப் படிப்பில் சேருமுன் ஓராண்டு ஆயத்த வகுப்பில் பயிலுவது நெடுநாளைய வழக்கம். ஜெர்மனியின் வைமார் நகரில் 1919இல் தொடங்கிய பௌஹௌஸ் கலைப்பள்ளியில், மாணவர் எவராயினும் முதலில் ஓர் ஆயத்த வகுப்பில் மரம், துணி, உலோகம், வண்ணம் ஆகியவற்றைக் கையாலும் கண்ணாலும் அறிந்த பின்னரே பட்டறைக்குள் புகலாம் என்று விதித்தனர். ஜோஹன்னஸ் இட்டன் என்னும் ஆசிரியர் அவ்வகுப்பை உருவாக்கினார். இக்கருத்து 1950களில் இங்கிலாந்துக் கலைப்பள்ளிகளிற் பரவிற்று. 1960இல் வெளியான கோல்ட்ஸ்ட்ரீம் குழுவின் அறிக்கை, கலைப் பட்டயத்துக்கு முன் ஓராண்டு ஆயத்தப் பயிற்சி வேண்டுமென வற்புறுத்தியது. கையின் வழியாகவே அறிவு வளர வேண்டும் என்று 1937இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியை அறிந்த நமக்கு இது புதிய கொள்கை அன்று.

லண்டன் பாஷன் கல்லூரியின் வரலாறும் நாம் அறியத்தக்கது. ஷோர்டிட்சில் 1906இலும், பேரட் தெருவில் 1915இலும், கிளாப்பமில் 1927இலும் தோன்றிய மூன்று தொழிற்பள்ளிகளே அதன் வேர்கள். ஏழை வீட்டுச் சிறுமியர் தையலும் பூவேலையும் கற்று லண்டனின் உடைப் பட்டறைகளில் வேலைக்கு அமர்வதற்காக அவை ஏற்பட்டன. அவை 1967இல் ஒன்றாக இணைந்து, 1974இல் இன்றைய பெயரைப் பெற்றன. 2023இல் அக்கல்லூரி கிழக்கு லண்டனில் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. நவநாகரிகத்தின் சின்னமாக இன்று கருதப்படும் அந்நிலையத்தைக் கைத்தொழிலாளரின் பிள்ளைகளே தோற்றுவித்தனர் எனலாம். ஆகவே அதன் வாயிலில் நம் பிள்ளைகள் கூசி நிற்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு மாணவருக்கு அங்கே கற்பிப்பது

வெளிநாட்டிலிருந்து வரும் மாணவருக்கென்று நடத்தப்படும் ஆயத்த வகுப்பில் கைப்பயிற்சியோடு வேறு மூன்று பயிற்சிகளும் சேர்கின்றன.

முதலாவது மொழி. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கையும் சோதிக்கும் ஐயெல்ட்ஸ் தேர்வில், 9 படிகளுள் 6ஆவது படியையேனும் எட்டியிருக்க வேண்டுமெனப் பெரும்பாலான பட்டப் படிப்புகள் கேட்கின்றன. ஆயத்த வகுப்பில் சேர அதற்குக் குறைந்த படியும் போதும். எஞ்சியதை அவ்வாண்டில் ஈடு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, வேலையின் வழியைக் காட்டுதல். நமது பள்ளிகளில் விடை சரியாயின் மதிப்பெண் கிடைக்கும். அங்கே முடிந்த உடையை மட்டும் பார்த்து மதிப்பிடுவதில்லை. ஒரு பொருளைக் கொடுத்து ஆராயச் சொல்வார்கள். மாணவர் பொருட்காட்சிசாலைக்கும் கடைவீதிக்கும் சென்று, கண்டவற்றை ஒரு வரைவேட்டில் பக்கம் பக்கமாக வரைந்து, துணித் துண்டுகளை ஒட்டி, எதை ஏற்றார், எதை ஏன் விலக்கினார் என்று குறித்து வைத்தல் வேண்டும். பிறகு வெட்டு மாதிரி தயாரித்து, விலையுயர்ந்த துணியில் கை வைக்கு முன், வெளுக்காத காடாத் துணியில் உடையைத் தைத்துப் பார்ப்பார்கள். தவறிய முயற்சிகளும் வரைவேட்டில் இருக்க வேண்டும். அவற்றைக் கிழித்தெறிந்துவிட்டு இறுதி உடையை மட்டும் கொண்டு வருபவர் குறைந்த மதிப்பெண்ணே பெறுவார். பட்டப் படிப்பில் இடம் கேட்கும்போது காட்ட வேண்டிய படைப்புக் கோவை இவ்வாறுதான் உருவாகிறது.

மூன்றாவது, சபையில் பேசுதல். மாணவர் தம் வேலையைச் சுவரில் மாட்டி வைக்க, ஆசிரியரும் சக மாணவரும் சுற்றி நின்று குறை நிறைகளைக் கூறுவர். தாமும் பிறர் வேலையைப் பற்றிக் கருத்துரைத்தல் வேண்டும். பெரியவர் முன் வாய் திறவாமை நல்லொழுக்கம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது எளிதன்று. அவரது மௌனத்தை அறியாமை என்று பிறர் எண்ணிவிடுதலும் உண்டு.

பெயர் சொல்லும் நீதி

இவற்றோடு, மற்றொருவர் எழுதியதை அவர் பெயரைக் குறிக்காமல் எடுத்தாளலாகாது என்னும் விதியையும் ஆயத்த வகுப்பில் கண்டிப்புடன் கற்பிக்கின்றனர். கட்டுரையில் இரண்டு வரியை மூலம் குறிப்பிடாமல் எடுத்தாலும் குற்றமே. ஆசான் போட்ட கோலத்தை அப்படியே பார்த்துப் பழகுவதே கல்வி என்றிருந்த நமது பிள்ளைகள் இவ்விதியைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

நாம் கேட்பது, எழுத்துக்கு உள்ள நீதி நெசவுக்கும் உண்டா என்பதே. ஒரு நூலாசிரியரின் வரிக்குப் பெயர் சொல்ல வேண்டும். ஆனால் ஓர் ஊரார் தலைமுறை தலைமுறையாக நெய்து வந்த கரையைக் கண்டு 'ஊக்கம் பெற்றேன்' என்று சொல்லிவிட்டால் போதும் என்னும் மனப்பான்மை பாஷன் உலகில் நிலவுகிறது. வகுப்பில் மாதிரி உடை தைக்கும் காடாத் துணிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் காலிகோ. அது கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்தது. கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு உலகெங்கும் மதராஸ் என்று பெயர். 1960களில் அமெரிக்க வாலிபர்கள் அத்துணியின் சாயம் சலவைக்குச் சலவை கரைந்து ஒன்றோடொன்று கலப்பதையே ஓர் அழகாகக் கொண்டாடி உடுத்தனர். துறைமுகத்தின் பெயரும் பட்டணத்தின் பெயரும் அகராதி ஏறின. நெய்தவர் ஊரும் சாயமிட்டவர் ஊரும் ஏறவில்லை.

இது பழங்கதை என்று தள்ளுவதற்கும் இடமில்லை. 2025 ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடவர் உடைக் காட்சியில், கோலாப்பூர்ச் செருப்பையொத்த காலணிகள் மேடை ஏறின. அவற்றின் பிறப்பிடம் அப்போது சொல்லப்படவில்லை. நமது நாட்டில் கண்டனம் எழுந்த பின்னரே, இந்தியக் கைவினைப் பாதணிகளைத் தழுவியவை அவை என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. ஆயினும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வரும் அக்குறியீடு பெயரைக் காக்குமேயன்றி, வடிவத்தைப் பிறர் தழுவாமல் தடுக்காது. நமது எல்லைக்கு அப்பால் தானாகச் செல்லவும் செல்லாது. சட்டம் எட்டாத இடத்தில் கல்விதான் எட்ட வேண்டும். நாளைய நிறுவனங்களில் வரைபலகையின் முன் அமரப்போகிறவர்கள் இன்றைய ஆயத்த வகுப்பு மாணவர்கள் அல்லரோ? ஆகவே, அவ்வகுப்பிலேயே நெசவுக்கும், சாயத்துக்கும், பூவேலைக்கும் ஊரும் பேரும் குறிக்கும் விதியைக் கட்டாயமாக்க வேண்டுமென்று அக்கல்லூரிகளை நாம் கேட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டு மாணவரை, 'உங்கள் நாட்டு வண்ணங்களைக் கொஞ்சம் காட்டுங்கள்' என்று அலங்காரப் பொருள் கேட்பது போலக் கேளாமல், அறிவுடைய ஒருவரிடம் கேட்பது போலக் கேட்க வேண்டுமென்றும் வேண்டுகிறோம்.

நாம் செய்ய வேண்டுவது

அவ்வாறு கேட்கும்போது விடை சொல்லும் தகுதி நம் பிள்ளைக்கு இருக்க வேண்டும் அல்லவா? இங்குதான் நமது பொறுப்புத் தொடங்குகிறது. பிள்ளை படிக்கட்டும் என்று தறிப்பக்கமே வரவிடாமல் வளர்த்த குடும்பங்கள் பல. அது அன்பினால் செய்தது. ஆனால் அப்பிள்ளை லண்டனில் போய், 'எங்களுக்குத் தொன்மையான மரபு உண்டு' என்று பொதுவாகச் சொன்னால் எவரும் பொருட்படுத்தார். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடுவதையும், கரை நாடாவைப் போட உதவியாள் ஒருவர் பக்கத்தில் அமர்வதையும், இழையோடு இழை கோக்கும் அவ்விணைப்பு எங்கே உறுதி பெறுகிறது என்பதையும் வரைந்து காட்டினால் வகுப்பு முழுவதும் செவி சாய்க்கும். கரிசல் மண்ணில் வானம் பார்த்து விளையும் கருங்கண்ணிப் பருத்தியின் குட்டை இழையில் ஏன் தடித்த நூலே வருகிறது. கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர் சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட் இனத்தையும் கலந்து 1974இல் வெளியிட்ட சுவின் பருத்தியின் நீண்ட இழையில் 100ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூல் எவ்வாறு இழுக்க முடிகிறது என்பதை உழவர் வீட்டுப் பிள்ளை விளக்கினால், அது எந்தப் பாடப்புத்தகத்துக்கும் இளைத்ததன்று.

எனவே, கடல் கடக்க விரும்பும் பிள்ளைக்கு நமது சங்கங்களே ஆறு மாதப் பயிற்சியொன்றை ஏற்படுத்தலாம். பாவு ஓடுதல், விழுதும் அச்சும் பிணைத்தல், சாயமிடுதல் ஆகியவற்றில் உடனிருந்து கை நனைக்கட்டும். நாள்தோறும் ஒரு வரைவேடு எழுதட்டும். நூல் நம்பர், அங்குலத்துக்கு எத்தனை இழை, சாயத்தின் அளவு, நெய்தவர் யார், ஒரு சேலைக்கு அவருக்குக் கிடைத்த கூலி என்ன என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். எதை வெளியே காட்டலாம், எது சங்கத்துக்கே உரிய வடிவம் என்பதை நெசவாளரிடம் கேட்டு அனுமதி பெற்றே குறிக்கட்டும். மாதம் ஒரு முறை சங்கக் கூட்டத்தில் அவ்வேட்டை விரித்து, உறுப்பினர் கேட்கும் கேள்விகளுக்கு எழுந்து நின்று விடை சொல்லட்டும். இப்பயிற்சி பெற்ற பிள்ளைக்கு லண்டன் வகுப்பின் சபை அச்சம் தராது. இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

பணத்தைப் பற்றி

பெற்றோர் பணக் கணக்கையும் நேரே அறிதல் வேண்டும். ஆயத்த ஆண்டு, மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு மேற்பட்ட நான்காவது ஆண்டுச் செலவாகும். கல்லூரிக் கட்டணம் நீங்கலாக, லண்டனில் வாழ்க்கைச் செலவுக்கென விதிக்கப்பட்ட 9 மாதத்துக்குரிய தொகை கையிருப்பில் இருப்பதாகவும், அது 28 நாட்கள் தொடர்ந்து குறையாமல் இருந்ததாகவும் விசாவுக்குக் காட்டுதல் வேண்டும். 'அங்கே பகுதி நேர வேலை செய்து சமாளிக்கலாம்' என்னும் பேச்சை நம்பலாகாது. பட்ட நிலைக்குக் கீழ்ப்பட்ட வகுப்புக்கு விசா பெற்றவர் பாட நாட்களில் வாரம் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. பட்டப் படிப்புக்கு வந்த பிறகே அது 20 மணியாகும். மேலும், ஆயத்த வகுப்பில் சேர்ந்ததனாலேயே பட்டப் படிப்பில் இடம் உறுதியாகிவிடாது. தேர்ச்சியும் படைப்புக் கோவையும் திருப்தியாக இருத்தல் வேண்டும். முகவர் பலர் மாணவரைச் சேர்ப்பதற்குக் கல்லூரிகளிடம் கமிஷன் பெறுவோராதலின், இவற்றைத் தாமே எடுத்துரைப்பார்கள் என்று எதிர்பார்த்தல் தகாது. சங்கக் காரியதரிசிகள் இவ்விவரங்களைப் பெற்றோருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது நலம்.

கடல் கடப்பதே உயர்வென்றும் எண்ண வேண்டா. சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் 1960இலும், ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிலையம் 1961இலும் தோன்றின. தேசிய பாஷன் தொழில்நுட்ப நிலையம் 1986இல் டில்லியில் ஏற்பட்டு, 1995இல் சென்னைக்கும் வந்தது. நாம் கூறிய ஆறு மாதப் பயிற்சி இங்குப் பயில்வோருக்கும் அதே பயன் தரும்.

நூலையும் தறியையும் விட்டு ஓடத்தானே பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்களை மீண்டும் தறியில் அமர்த்துவதா என்று சில பெரியோர் கேட்பர். கேள்வி நியாயமானதே. நெசவுக் கூலியில் வயிறு நிரம்பாத வீட்டில் பிள்ளை வேறு வழி தேடுவதை எவர் தடுக்க முடியும்? தடுப்பது நமது எண்ணமும் அன்று. வடிவமைப்பவர் மேசைக்கும் நெய்பவர் தறிக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நெசவாளரின் பெயரும் கூலியில் ஒரு பகுதியும் தொலைந்து போகின்றன. அம்மேசையில் தறியை அறிந்த ஒருவர் அமர்ந்தால், ஒரு கரையை நெய்ய எத்தனை நாள் பிடிக்கும், அதற்கு என்ன விலை கொடுத்தல் நியாயம் என்று அவர் எடுத்துச் சொல்வார். நெய்த ஊரின் பெயரையும் துணியோடு சேர்த்து அனுப்புவார். அத்தகையோர் சிலராவது நம்மிடமிருந்து செல்ல வேண்டும்.

வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இப்பயிற்சியைப் பற்றி ஆலோசித்து, முதலில் இரண்டு பிள்ளைகளுக்கேனும் இடமளித்து, ஆவன செய்யுமென்று எதிர்பார்க்கிறோம். அவர்கள் எழுதும் வரைவேடுகளின் பகுதிகளை இவ்விதழில் வெளியிடவும் நாம் சித்தமாக இருக்கிறோம்.