சுத்தமான தேன் என்றால் சாப்பிடலாமா?

தேன் சுத்தமானதா என்று பார்க்கத் தீக்குச்சியை அதில் தோய்த்து உரசும் வழக்கம் உண்டு. சிவகாசி வட்டாரத்தில் குச்சிக்கா பஞ்சம்! குச்சி பற்றினால் நல்ல தேன். நல்ல தேன் என்றால் நீரிழிவு உள்ள தாத்தாவும் சீனிக்குப் பதிலாகச் சாப்பிடலாம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

முதல் முடிவே சரியில்லை. தண்ணீர் அதிகமிருந்தால் குச்சி மருந்து நமுத்துப்போகும். இச்சோதனை காட்டுவது அவ்வளவுதான். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் இதில் தேறிவிடும். 2020 டிசம்பரில் டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், 13 நிறுவனங்களின் தேனில் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே.

இரண்டாவது முடிவோ ஆபத்தானது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் பளியர்கள் மலையிலிருந்து எடுத்து வந்த அசல் தேனே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு சர்க்கரைதான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அச்சர்க்கரையில் முக்கியமானவை ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். காப்பியில் போடும் சீனியாகிய சுக்ரோஸும் நம் குடலில் இதே இரண்டாகத்தான் உடைகிறது. பூந்தேனிலுள்ள சுக்ரோஸைத் தேனீ முன்கூட்டியே உடைத்துவிடுகிறது. நம் குடலுக்கு ஒரு வேலை மிச்சம்!

தேனில் ஃபிரக்டோஸ் சற்று அதிகம். ஆகையால் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும் வேகம் கொஞ்சம் குறையலாம், ஏறாமல் இராது. மேலும், ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். அதே கரண்டித் தேன் சுமார் 7 கிராம். அதில் சர்க்கரை மட்டும் ஐந்தரை கிராம். கரண்டிக்குக் கரண்டி மாற்றினால் தாத்தாவுக்கு நட்டம்தான்.

இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சில வேளை இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, வியர்த்து, கைகால் நடுங்கும். நினைவோடு இருந்தால் அவருக்கு உடனே கொடுக்கச் சொல்லும் பொருள்களில் தேனும் ஒன்று, ஒரு மேசைக்கரண்டி. சர்க்கரையை விரைவில் ஏற்றுவதனால்தானே கொடுக்கிறார்கள்? அவசரத்தில் ஏற்றும் தேன், காலையில் வெந்நீரில் கலந்தால் மட்டும் ஏற்றாதா?

தேன்மேல் எனக்குப் பகையில்லை. ஆசைப்பட்டால் மருத்துவர் சொல்லும் அளவில், சீனிக் கணக்கிலேயே சேர்த்துத் தாத்தா சாப்பிடட்டும். ஆனால், மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேனை நம்பியிருக்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், மாணவர்களே, நாளைக் காலையே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தச் சர்க்கரையை அங்கே இலவசமாகவே பார்க்கிறார்கள்.