போர்மட் அடிக்க முதல் கொஞ்சம் பொறுங்கோ

லப்டொப் ஓன் ஆகுது, வின்டோஸ் சின்னம் வருது, கீழே புள்ளிகள் சுத்திக்கொண்டே நிக்குது. அரை மணித்தியாலம் போனாலும் அதே சுத்து. கடைக்குக் கொண்டுபோனால் மூடியைத் திறக்க முதலே தீர்ப்பு வந்திடும்: "தங்கச்சி, இது போர்மட் அடிக்கோணும்." எங்கட ஊர்க் கடைகள் பலதில எல்லா வருத்தத்துக்கும் இந்த ஒரே மருந்துதான். கதவு இறுகிப்போச்செண்டு வீட்டையே இடிக்கிற வேலை இது.

2024 யூலை 19ஐ யோசிச்சுப் பாருங்கோ. குரவுட்ஸ்ட்ரைக் எண்ட பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால், மைக்ரோசொஃப்ட் கணக்குப்படி ஏறத்தாழ 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் விழுந்தன. விமான நிலையம், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் நீலத்திரை. அதுக்கு அந்த நிறுவனம் சொன்ன வழி என்ன? சேஃப் மோட்டில திறந்து, பிழையான அந்த ஒரு ஃபைலை அழிக்கிறது. அவ்வளவுதான். தொடக்கத்தில தொங்குது எண்டால் உள்ளே இருக்கிறதெல்லாம் போச்சு எண்டு அர்த்தமில்லை.

கடைக்காரருக்கு இது தெரியாதெண்டு நான் நினைக்கேல்லை. டேட்டாவைப் பிரதி எடுக்க நேரம் போகும், போர்மட் கெதியா முடியும், அதுதான் கணக்கு. ஆனால் எங்கட பட்ச் பிள்ளை ஒருத்தியின்ர லப்டொப்பில ஆய்வுக்காக எடுத்த நேர்காணல்கள் இருந்தன. இடப்பெயர்வைப் பற்றி அதில கதைச்ச அம்மம்மா ஒராள் மோசம் போயிட்டா. இப்ப அந்தக் குரலும் இல்லை. வின்டோஸ் மட்டும் புதுசா, வடிவா ஓடுது.

"கலைப்பீடத்துக்கு உதெல்லாம் விளங்காது" எண்ட கதையை முதல்ல விடுவம். பென் டிரைவ், பிரிண்டர் எல்லாத்தையும் கழட்டுங்கோ. தொடங்கும்போது பவர் பட்டனை அமத்திப் பிடிச்சு நிப்பாட்டுங்கோ. இரண்டு மூன்று தரம் இப்பிடிச் செய்தால் வின்டோஸ் 10, 11 தானாகவே திருத்தும் திரைக்குப் போகும். அங்க ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. சேஃப் மோட் திறந்தால் கடைசியாப் போட்ட மென்பொருளையோ டிரைவரையோ கழட்டிப் பாருங்கோ. கடைசி அப்டேட்டை நீக்கிற வழியும் அதே திரையில இருக்கு. பிட்லொக்கர் 48 இலக்கத் திறப்பு கேட்டால் பயப்படாதேங்கோ, பெரும்பாலும் உங்கட மைக்ரோசொஃப்ட் கணக்கிலயே அது கிடக்கும்.

சேஃப் மோட்டும் வரேல்லையா? இன்னொராளின்ர கணினியில உபுண்டுவை இலவசமா இறக்கி பென் டிரைவில ஏற்றி, அதிலிருந்து லப்டொப்பைத் தொடங்கி, "இன்ஸ்டோல்" எண்டதைத் தொடாமல் "ட்ரை" எண்டதைத் தெரிவு செய்தால் போதும். உங்கட ஃபைல்களை வேற டிரைவுக்கு மாத்தலாம். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் எண்டு சத்தம் போட்டால் மட்டும் உடன நிப்பாட்டுங்கோ, அது வேற வருத்தம்.

இதெல்லாம் செய்து முடிச்சாப் பிறகு போர்மட் அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. கடையிலதான் குடுக்கிறதெண்டால், "முதல் டேட்டாவை எடுத்துத் தாங்கோ" எண்டு கேளுங்கோ. அதுக்குத் தனிக் காசு கேட்டால் குடுங்கோ, அது நியாயமான கூலி. ஏலாது எண்டால் லப்டொப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கோ.