கிணற்றடி வாழையும் சலவை நீரும்

கிணற்றடியிலும் துவைகல் ஓரத்திலும் வாழை, சேம்பு, கல்வாழை வைப்பது தமிழ்நாட்டு வீடுகளின் பழைய வழக்கம். குளித்த நீரும் பாத்திரம் துலக்கிய நீரும் சிறு வாய்க்கால் வழியே அவற்றின் தூருக்குப் போகும். அரிசி களைந்த கழுநீர் மட்டும் அங்கே வராது. அது மாட்டுத் தொட்டிக்கு உரியது. கோடையில் வீட்டுக் கழிவுநீரைத் தோட்டத்துக்குத் திருப்பச் சொல்லும் ஆலோசகர்கள் பெரும்பாலும் இந்த வழக்கத்தையே சான்றாகக் காட்டுகிறார்கள். வழக்கத்தில் குறையில்லை, வாய்க்காலில் ஓடும் நீர்தான் மாறிவிட்டது.

அன்று பாத்திரம் துலக்கியது அடுப்புச் சாம்பலும் புளியும்; தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு. விறகுச் சாம்பலில் நீரில் கரையும் பகுதி பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். வாழையோ பொட்டாசியத்தை மிகுதியாக உறிஞ்சும் பயிர். துலக்கிய நீர் அதற்கு உரமாகவே இறங்கியது. சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த வெளுப்பு பெரும்பாலும் ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நடந்தது, கொல்லையில் அல்ல. இன்றைய சலவைத் தூளில் சோடியம் கார்பனேட், சோடியம் சல்பேட், சோடியம் சிலிகேட் என்று சோடியமே நிறைந்திருக்கிறது. கட்டிச் சோப்பும் கொழுப்பமிலங்களின் சோடியம் உப்புதான். கழிப்பறை நீர் கலக்காத கழிவுநீருக்குத் துறையில் ‘சாம்பல் நீர்’ என்று பெயர். நிறத்தை வைத்து வந்த பெயர் அது. உண்மையில் சாம்பல் கரைந்து ஓடிய காலத்தில் அப்படி ஒரு பெயர் இருந்ததில்லை.

களிமண் துகள்களில் கால்சியம் ஒட்டியிருக்கும்வரை அவை சிறு கட்டிகளாகச் சேர்ந்து, இடையில் காற்றுக்கும் நீருக்கும் வழிவிடும். சோடியம் மிகுந்த நீர் தொடர்ந்து இறங்கினால் கால்சியத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. துகள்கள் தனித்தனியே பிரிந்து நுண்துளைகளை அடைக்கின்றன. காய்ந்தால் மேற்பரப்பு ஏடு கட்டுகிறது. ஊற்றிய நீர் இறங்காமல் தேங்கும். மண்ணின் காரத்தன்மையும் ஏறுவதால் இரும்புச்சத்தும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போகும். இட்லிப்பூச் செடியில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிவது இதனால்தான். வாழை உப்பை அதிகம் தாங்காது. அதன் இலையோரம் கருகத் தொடங்கும். இதை நீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி அதே நீரை இன்னும் இரண்டு வாளி ஊற்றுவதே வழக்கமாக நடப்பது. கடற்கரை மணலில் இந்தக் கேடு மெதுவாகத் தெரியும். களிமண்ணில் விரைவில் தெரியும்.

வறட்சி இதை மேலும் கடுமையாக்குகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்ட அளவு. அதில் கழிப்பறைக்கு 45 லிட்டர் போக, குடிக்கவும் சமைக்கவும் ஆவதைக் கழித்தாலும், நால்வர் வீட்டில் 300 லிட்டருக்கு மேல் மிஞ்ச வேண்டும். இந்தக் கணக்கு குழாயில் நீர் வரும் நாட்களுக்கே பொருந்தும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் ஏறத்தாழ வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவரும் நிலை வந்தது. அத்தகைய காலத்தில் குடங்களை எண்ணித்தான் புழக்கம். துணியின் அழுக்கும் சோப்பின் அளவும் குறையாது. அவற்றைக் கரைக்கும் நீர்தான் குறைகிறது. லாரியிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ வரும் நீரில் ஏற்கெனவே உப்பு இருந்தால் அதுவும் சேரும். ஆக, தோட்டத்துக்கு மிகத் தேவைப்படும் மாதங்களில்தான் இந்த நீர் அளவில் குறைந்தும் உறைப்பில் கூடியும் வருகிறது.

கைக்கு அடக்கமான டிடிஎஸ் மீட்டர் இங்கே உதவும். உலக உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் பாசன வழிகாட்டுதலின்படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் தயக்கமின்றிப் பாய்ச்சலாம்; 2,000-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அந்த உப்பில் சோடியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று மீட்டர் பிரித்துக் காட்டாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.

எல்லா நீரையும் ஒரே தொட்டியில் சேர்ப்பதைவிடப் பிறக்கும் இடத்திலேயே பிரிப்பது நல்லது. சலவை இயந்திரத்தின் முதல் நீர் கழிப்பறைக்குப் போகட்டும். கடைசி அலசல் நீரைக் குழாய்வழி வாளியில் பிடிக்கலாம். குளியல் நீர் பொதுவாக மிதமானது. குழந்தையின் மலத்துணி அலசியது மட்டும் சேரக்கூடாது. பாத்திர நீரில் எண்ணெயும் பருக்கையும் இருப்பதால் கொழுப்பை நிறுத்தும் சிறு தொட்டி வேண்டும். அதை வாரந்தோறும் வழிக்க ஆளில்லாத வீட்டில் அந்த நீரை விட்டுவிடுவதே மேல். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரில் சோப்பு இல்லை, ஆனால் உப்பு செறிந்திருக்கும். தென்னைக்கு ஆகும், ரோஜாவுக்கு ஆகாது. ஏ.சி. சொட்டும் நீர் இதற்கு நேர் எதிர். அதில் உப்பு ஏறத்தாழ இல்லை. ரோஜா, இட்லிப்பூத் தொட்டிகளுக்கு அதையே ஒதுக்கிவைக்கலாம்.

பிடித்த நீரை அன்றே ஊற்றிவிட வேண்டும். ஒரு நாள் கடந்தால் நாற்றமெடுக்கும். வாரக்கணக்கில் நின்றால் கியூலெக்ஸ் கொசு பெருகும். இலைமேல் தெளிக்காமல், சருகு மூடிய பாத்தியில் மண்ணோடு விடுவது முறை. தென்னை, சப்போட்டா, அரளி, காகிதப்பூ ஆகியவை உப்பை ஓரளவு தாங்கும். எலுமிச்சை, மா, அவரை தாங்கா. கீரை, கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி ஆகியவற்றுக்கு உப்பைவிடக் கிருமியே தடை.

கெட்டித்துப்போன களிமண்ணில் ஜிப்சம் இட்டால் கால்சியம் மீண்டும் சோடியத்தைத் தள்ளும். தள்ளப்பட்ட சோடியம் கீழே இறங்க நல்ல நீர் வேண்டும். நிலத்தில் அந்த வேலையை வடகிழக்குப் பருவமழை செய்துவிடுகிறது. ஆகவே ஜிப்சத்தை மழைக்கு முன் இட்டுவைப்பது பயன் தரும். மழை படாத பால்கனித் தொட்டிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றில் மூன்று முறை கழிவுநீர் ஊற்றினால் நான்காவது முறை நல்ல நீரை அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, வடிந்ததைத் தட்டிலிருந்து கொட்டிவிட வேண்டும். தொட்டியின் விளிம்பில் வெள்ளை பூத்திருந்தால் அந்த முறை ஏற்கெனவே தவறிவிட்டது என்று பொருள்.